தையலும் தராசும்

நம்ம ஆண்களுக்குத் தெரிந்த தையல் இரண்டுதான். பேன்ட் இடுப்பைப் பிரித்துத் தைப்பது, சட்டைக்குப் பட்டன் வைப்பது. மூன்றாவது ஒன்று இருப்பது, மனைவியின் ஐந்தாம் மாசத்தில் டாக்டர் சொல்லும்போதுதான் தெரியும். "கர்ப்பப்பை வாய் திறந்திருக்கு. உடனே தையல் போடணும்."

அவ்வளவுதான், ஆஸ்பத்திரி வராந்தாவில் விசாரணைக் கமிஷன் கூடிவிடும். "பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல இருக்காளே, அதான்!" என்று அத்தை தீர்ப்பு சொல்வார். "ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடும்மா" என்று நாலு மாசமாக நெய் ஊற்றியவரும் அவரேதான்.

இந்தத் தையலை 1955-ல் உலகத்துக்குச் சொன்னவர் நம்ம பம்பாய் டாக்டர் ஷிரோட்கர். 1957-ல் மெல்போர்ன் டாக்டர் மெக்டொனால்ட் அதை இன்னும் சுலபமாக்கினார். பாட்டியின் சுருக்குப் பை வாயை இழுத்துக் கட்டுகிற மாதிரிதான். 36, 37-வது வாரத்தில் பிரித்துவிடுவார்கள்.

அவசரத் தையல் பிடிக்குமா, பிடிக்காதா? வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது (4-ஐத் தாண்டினால் சிரமம்), பனிக்குடம் பிதுங்கி வெளியே வந்துவிட்டதா, கிருமி தொற்றிவிட்டதா என்பதெல்லாம்தான் முக்கியம். தையல் போட்டால் பிரசவம் சராசரியாக 34 நாள் தள்ளிப்போகலாம் என்கிறது பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் 2022 வழிகாட்டி. 23-வது வாரத்தில் பிறப்பதற்கும் 28-வது வாரத்தில் பிறப்பதற்கும் நடுவே ஒரு உயிரே இருக்கிறது சார்!

அப்போ எடைக்குச் சம்பந்தமே இல்லையா? உண்டு. ஸ்வீடனில் சுமார் 16 லட்சம் பிரசவங்களை அலசி 2013-ல் வெளியிட்டார்கள். 28 வாரத்துக்குள் பிரசவமானவர்கள், சரியான எடைக்காரர்களில் ஆயிரத்துக்கு 2 பேருக்கும் குறைவு. மிக மிகப் பருமனானவர்களில் 5 பேர். ஆனால் தையல் போடும் அன்றைக்கு, எடை கூடினால் மயக்க மருந்து டாக்டருக்குக் கூடுதல் வேலை. தையல் நிற்குமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. தையல் போடக்கூடாத காரணங்கள் என்று அந்த வழிகாட்டி தரும் பட்டியலிலும் எடை கிடையாது.

ஆகவே நாலு, அஞ்சு, ஆறாம் மாசத்தில் அடிவயிறு கனக்குது, இடுப்பு வலிக்குது, வெள்ளை அதிகமாப் படுது, லேசா ரத்தம் தெரியுது என்று அவர் சொன்னால், "காலைல பார்த்துக்கலாம்" வேண்டாம். ஆட்டோவைக் கூப்பிடுங்கள். அத்தைக்கு அப்புறம் தகவல் சொல்லிக்கொள்ளலாம்.

தராசில் ஏற வேண்டியது குழந்தைக்குத் திட்டம் போடும்போது. ரெண்டு பேரும்தான் சார், தொப்பையை உள்ளே இழுக்காதீங்க!