கண்டெடுப்பதா, கண்டறிவதா?



மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயில், கேத்தி நிலையத்தைக் கடந்ததும் லவ்டேலில் நிற்கும். சிறிய நிலையம், சுற்றிலும் கற்பூர மரங்களும் சீகை மரங்களும். நான் பள்ளி மாணவனாக இருந்தபோது, ஒரு விடுமுறை நாளில் நண்பர்கள் இருவருடன் அங்கே இறங்கி, மரங்களினூடே மேடேறி நடந்தேன். வழியில், மழைநீர் அரித்த மண்சரிவில் ஒரு பானை ஓடு துருத்திக்கொண்டிருந்தது. உள்ளங்கை அளவுதான். தடித்த விளிம்பு, அதன் கீழே நகத்தால் அழுத்தியது போன்ற வரிசைக் குறிகள். வீடு வாசல் இல்லாத காட்டில் பானை ஓடு எப்படி வந்தது? ஆவல் தாங்கவில்லை. பிடுங்கி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, தொல்பொருள் பற்றி நன்கறிந்த ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் மூன்றே கேள்விகள் கேட்டார். எந்த இடத்தில் கிடைத்தது? எவ்வளவு ஆழத்தில் இருந்தது? அதன் அருகே வேறு என்ன இருந்தது? மூன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. “அப்படியானால் இது வெறும் ஓடுதான், தம்பி” என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார்.

அந்தச் சொல்லின் பொருளை உங்களுக்கு விளக்கவே இதை எழுதுகிறேன். காட்டில் எதிர்பாராத பொருள் ஒன்றைக் கண்டால் அதை எடுத்து வரக்கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

நீலகிரியின் மலை முகடுகள் பலவற்றில் கற்களை வட்டமாக அடுக்கிய பழங்காலச் சின்னங்கள் உள்ளன. இறந்தோரின் நினைவாக அமைக்கப்பட்டவை அவை. காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி 1840-களில் அவற்றில் சிலவற்றைத் தோண்டிப் பார்த்து எழுதினார். பின்னர், நீலகிரியின் முதல் ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் பலவற்றைத் திறந்து ஆராய்ந்தார். அவர் 1872-இல் காலமானார். அவருடைய நூல் 1873-இல் வெளிவந்தது. எருமை, மனிதர் முதலிய உருவங்கள் அமைந்த மூடிகளுடன் மண் தாழிகள், வேலைப்பாடு மிக்க வெண்கலக் கிண்ணங்கள், இரும்புக் கருவிகள், பொன் அணிகள் எல்லாம் வெளிவந்தன. இவற்றுள் பல இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் உள்ளன.

பொருள்கள் பத்திரமாகத்தானே இருக்கின்றன, பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். குறை இருக்கிறது. இவற்றைச் செய்தவர்கள் யார், எந்த நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு நீங்கவில்லை. அந்தத் தாழிகளோடு எலும்புத் துண்டுகளும் கரியும் சாம்பலும் கிடந்தன. 19-ஆம் நூற்றாண்டில் கரித்துண்டு ஒரு பொருளாகவே மதிக்கப்படவில்லை. 1949-இல் அமெரிக்க விஞ்ஞானி வில்லார்டு லிபி, கார்பன்-14 என்னும் கதிரியக்க அணுக்களைக் கொண்டு பழங்கரியின் வயதைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். அதற்குள் தாழிகளும் கிண்ணங்களும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் போய்விட்டன. அவற்றோடு கிடந்த கரியோ மலையின் மண்ணோடு கலந்துவிட்டது.

பிரீக்ஸை நாம் குறை கூற முடியாது. பின்னாளில் ஒரு கரித்துண்டு பேசும் என்று அவர் காலத்தில் யார் அறிவார்? இதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. இன்னும் எழுபது, எண்பது ஆண்டுகளில் எந்த முறை வரும், அதற்கு எது தேவைப்படும் என்பது இன்று நமக்கும் தெரியாது. ஆகவே, எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டு வைப்பதே அறிவுடைமை.

இதற்கு மாறான கதை ஒன்றும் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1863 மே 30-ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டார். அது மனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று உணர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்பவருடன் சேர்ந்து, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். பூட் கற்களைச் சேகரித்தவர்தாம். ஆனால் அவர் நிலவியலாளர். எந்த ஊர், எந்த மண் அடுக்கு என்று குறித்து வைத்தார். அதனால் பிற்காலத்தவர் அதே இடத்துக்குத் திரும்பிப் போக முடிந்தது.

அங்கே சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 1999 முதல் முறையாக அகழாய்வு செய்தனர். தரைமேல் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்கள் உண்டாகின்றன. கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் இந்த உற்பத்தி நின்றுவிடும். இருக்கும் அணுக்கள் வெவ்வேறு வேகத்தில் சிதையும். அவற்றின் விகிதத்தை அளந்தால், கல் புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். 2011-இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! அவை தம் மண் அடுக்கிலேயே புதைந்து கிடந்ததால் அல்லவா இது கைகூடியது!

தொல்பொருளுக்கு மட்டும் உரிய விதி அன்று இது. காட்டில் கடமானின் உதிர்ந்த கொம்பைக் காணலாம். அதை உற்றுப் பாருங்கள். சில கொம்புகளில் உளியால் செதுக்கியது போன்ற தடங்கள் இருக்கும். முள்ளம்பன்றி கடித்த தடம் அது. கொம்பிலுள்ள கால்சியமும் பாஸ்பரசும் அதற்குத் தேவை. உங்கள் வீட்டுச் சுவரில் அந்தக் கொம்பு ஓர் அலங்காரம். காட்டில் அது உணவு. தவிரவும், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை எடுத்து வைத்துக்கொள்வது குற்றம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் நினைவிருக்கட்டும்: மண்ணில் புதைந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டவர், மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

“நாம் விட்டுவிட்டு வந்தால் வேறொருவர் எடுத்துப் போய்விடுவாரே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எடுத்துப் போகவும் கூடும். ஆனால் அந்த அச்சத்தால் நாமே எடுத்துவிட்டால், இழப்பு நடக்கலாம் என்பது போய், நடந்தே விட்டது என்றாகிவிடும். பொருளைக் காக்க வழி அதைப் பற்றி உரியவருக்கு உடனே தெரிவிப்பதுதான்.

அப்படியானால் என்ன செய்வது? பொருளைத் தொடாமல் நில்லுங்கள். அருகே ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்துப் படம் எடுங்கள். அளவு தெரிய அது உதவும். சற்று விலகி நின்று, சுற்றுப்புறமும் தெரிய இன்னொரு படம் எடுங்கள். கைப்பேசியில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறியுங்கள். கைப்பேசி இல்லையேல் பாறை, ஓடை, பாதை இவற்றிலிருந்து எத்தனை அடி என்று எண்ணி, நோட்டில் ஒரு வரைபடம் போடுங்கள். நாள், நேரம் எழுதுங்கள். பிறகு ஆசிரியரிடம் காட்டி, தொல்லியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ எழுதுங்கள். விலங்குகளைப் பிடிக்க வைத்த கம்பிச் சுருக்கு கண்ணில் பட்டால், தாமதிக்காமல் வனத்துறையினரிடம் சொல்லுங்கள்.

காட்டிலிருந்து தாராளமாக எடுத்து வரக்கூடிய பொருள்களும் உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலும் பிஸ்கட் உறையும்தாம் அவை! அவற்றின் வரலாறு நமக்கு நன்றாகவே தெரியும்.

அந்தப் பானை ஓடு இன்னும் என் மேசை மேல் இருக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று ஒருமுறை லவ்டேலில் இறங்கி நடந்தேன். எந்த மேடு, எந்தச் சரிவு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று ஒரே ஒரு வரி நோட்டில் எழுதி வைத்திருந்தால் போதும். நண்பர்களே, நீங்கள் அந்த வரியை எழுதுங்கள்.