கழனிக் கூலியின் வழக்கை யார் கேட்பது?

சென்னையில் 1986-ஆம் வருஷம் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தபோது, இது பட்டணத்து வியாதியென்றே பலரும் எண்ணினர். அவ்வெண்ணம் பொய்த்து வெகு காலமாயிற்று. எனினும் பாகூர்க் கழனியில் இறங்கும் கூலிக்கும், கரும்பு வெட்டக் கூட்டமாய் வெளியூர் புறப்படும் ஆளுக்கும் இவ்வபாயம் உண்டென்றால், கற்றோரே முகஞ் சுளிக்கின்றனர். "அவரவர் ஒழுக்கத்துக்கு அவரவரே பொறுப்பு" என்கின்றனர்.

ஊரில் வேலையற்ற மாதங்களில் பிழைப்புத் தேடிப் போகிறவன், பெண்டு பிள்ளைகளைப் பிரிந்து மாதக்கணக்காய்க் கொட்டகையில் கிடக்கிறான். அங்கே அவனுக்கு அபாயத்தை எடுத்துரைப்பார் எவருமில்லை. திரும்பி வந்தபின், அவனையன்றி எவரையும் அறியாத மனைவியும் அக்கிருமியைச் சுமக்கிறாள். அவள் ஒழுக்கத்தில் கண்ட குறை யாது?

மருந்து இல்லையென்பதற்கில்லை. 2004 ஏப்ரல் முதல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினர். அதைத் தினந்தோறும் தவறாது உட்கொண்டு, பரீட்சையில் அகப்படாத அளவுக்குக் கிருமி குறைந்து நின்றால், உடலுறவால் அது பிறரைத் தொற்றுவதில்லை. ஆனால் கூலிக்காரனுக்கு ஆஸ்பத்திரி போய்வர ஒரு நாட்கூலி போகிறது. மேஸ்திரியிடம் ஒரு பொய்யும் சொல்லியாக வேண்டும். எத்தனை மாதம் அவன் பொய் சொல்வான்?

2017-ஆம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் அமுலுக்கு வந்தது. வியாதியைக் காட்டி வேலை நீக்குவதையும், சம்மதமின்றி இரத்தம் பரிசோதிப்பதையும் அது தடுக்கிறது. நல்ல சட்டமே. ஆயினும் வக்கீல் தொழில் பழகிய கண்ணுக்கு ஓர் ஓட்டை தென்படுகிறது. வைத்தியசாலைகள் நீங்கலாக, நூறு பேருக்குக் குறையாத ஸ்தாபனமே புகார் அதிகாரியை நியமிக்கக் கடமைப்பட்டது. நடவுக்குப் பத்துப் பேர், அறுப்புக்கு இருபது பேர் இறங்கும் வயலில் அந்த அதிகாரி ஏது? "நாளை வராதே" என்று மேஸ்திரி சொன்னால் தீர்ந்தது; நோட்டீஸுமில்லை, காரணமுமில்லை.

மிஞ்சுவது, ஒவ்வொரு ராஜ்ய சர்க்காரும் நியமிக்க வேண்டிய ஓம்புட்ஸ்மன் என்னும் நடுவர் ஒருவரே. புதுவையில் அந்நடுவர் மாதமொருமுறை பாகூரிலும் வில்லியனூரிலும் கொம்யூன் ஆபீஸில் அமர்ந்து விசாரிக்கட்டும். பெயரை மறைத்து வழக்காடும் வழியை அச்சட்டமே வகுத்திருக்கிறது. மருந்தும் பக்கத்துச் சுகாதார நிலையத்திலேயே, வேலை விட்ட மாலை நேரத்தில், கிடைக்கட்டும். விவசாயத் தொழிலாளர் சங்கங்களை நடத்தும் நண்பர்கள் கூலி உயர்வு கேட்டு அடுத்த மகஜர் எழுதுகையில், இவ்விரண்டையும் அதிலேயே சேர்த்தெழுதக் கோருகிறோம்.