மறைவிட முடி: வெட்கத்தால் விழுங்கப்படும் பாடம்

மறைவிட முடியை 40 இரவுகளுக்கு மேல் விட்டுவைக்கலாகாது என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதை மாணவர்களுக்குக் கற்பிக்கும் நாம், களையும் முறையை மட்டும் வெட்கத்தால் விழுங்கிவிடுகிறோம். தோலோடு ஒட்ட மழித்தால், சுருளும் முடியின் கூர்முனை தோலுக்குள்ளேயே வளர்ந்து கொப்புளமாகிறது. அடிக்கடி இவ்வாறு அவதியுறும் ஆண்கள் ட்ரிம்மரால் கத்தரித்தாலே போதும். மழிப்பதே சிறந்தது எனினும் கத்தரிப்பதும் கூடும் என்றே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். மழிப்பவர்கள் வெதுவெதுப்பான நீரில் முடியை நனைத்து, புதிய பிளேடால், முடி வளரும் திசையிலேயே மழிக்கட்டும். (அண்ணனின் பிளேடு தம்பிக்கு வேண்டவே வேண்டாம்.) கொப்புளம் கண்டால் கிள்ளாமல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, ஆறும்வரை மழிப்பதை நிறுத்த வேண்டும். சீழோ காய்ச்சலோ கண்டால் தாமதியாமல் மருத்துவரை நாடட்டும். நீரிழிவுள்ளவர் இன்னும் விரைவாக. சிகிச்சைக்காகத் தேவையான அளவு அவ்ரத்தைக் காட்ட மார்க்கம் அனுமதிக்கிறது.