குடத்திற்குள் யாருடைய பெயர்கள்? கல்லூரி மாணவர்களுக்குப் போதைப்பொருள் பரிசோதனை

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு போதைப்பொருளுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கி, பள்ளி கல்லூரிகளில் உறுதிமொழி எடுக்கவைத்தது. அதன் பின் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்கள் வந்தன. மாணவர்கள் வாடகைக்குத் தங்கும் அறைகளில் காவல்துறையின் திடீர்ச் சோதனைகளைக் கோவை கண்டது. இவற்றின் அடுத்த படியாக, மாணவர்களை முன்னறிவிப்பின்றித் தேர்ந்தெடுத்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யவேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தால் சாதிக்கு அங்கே என்ன வேலை என்று நல்லெண்ணம் கொண்டவர்களும் கேட்கிறார்கள். அக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குலுக்கல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறையைப் பள்ளிப் பாடத்தில் மக்களாட்சியின் முன்னோடி என்று படித்தோம். ஓலையை எடுத்தது ஒன்றும் அறியாச் சிறுவன்தான். அதில் சூது இல்லை. ஆனால் குடத்திற்குள் ஓலை போவதற்குச் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் வேண்டும். சேரி, குடத்தின் வாய்க்கே வரவில்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், குடத்தை நிரப்புகிறவர் கையில்தான் முடிவு இருக்கிறது.

இப்போது அதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். பரிசோதனை ஆதிதிராவிடர் நல விடுதியில் தொடங்கினால் குடத்தில் இருப்பவை யாருடைய பெயர்கள்? கணினியே தேர்ந்தெடுத்தாலும் எடுக்கப்படும் பெயர்களில் பெரும்பாலானவை நம் பிள்ளைகளுடையவை. ‘சந்தேகத்திற்குரிய’ மாணவர்கள் என்று பட்டியலைச் சுருக்கினால் குலுக்கல் என்ற பெயரும் மிஞ்சாது. கொங்கு மண்ணில் சந்தேகம் எந்தத் தெருவை நோக்கி முதலில் நடக்கும் என்பதைச் சென்னிமலை வட்டாரத்துக் காலனிகளில் வாழ்வோருக்கு விளக்கத் தேவையில்லை. அங்கிருந்து பெருந்துறைக்கும் ஈரோட்டுக்கும் கோவைக்கும் பேருந்து ஏறுகிறவர்களில் பலர், தம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்த பின் திறந்த வாசல் அது. ஒரு பரிசோதனைத் தாள் அந்த வாசலை மூடிவிட முடியும்.

போதைப் பழக்கம் கற்பனைப் பூதம் என்று நாம் சொல்லவில்லை. வலிநிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களை நீதிமன்ற வளாகங்களில் பார்க்கிறோம். அவர்களில் நம்மவர்களும் உண்டு. ஆனால் பரிசோதனை அவர்களைக் கண்டுபிடிக்குமா? ஓபியத்தைக் கண்டறியும் சாதாரணப் பரிசோதனைப் பட்டைகள் டபென்டடால் மாத்திரையைக் காட்டுவதில்லை. கஞ்சாவோ, தொடர்ந்து புகைப்பவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் தங்கும். வகுப்பறையில் அவர் போதையில் இருந்தாரா என்பதை அது சொல்லாது. கசகசா சேர்த்த உணவு கூட ஓபியம் என்று காட்டக்கூடும். அமெரிக்க அரசு 1998இல் வேலையிடப் பரிசோதனைக்கான ஓபியேட் வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000ஆக உயர்த்தியதற்கு இதுவும் ஒரு காரணம். நம் கல்யாண வீட்டுக் குருமா அந்த விவாதத்தில் இடம்பெறவில்லை, அவ்வளவுதான்.

எண்ணிக்கையும் அச்சமூட்டுகிறது. 2019இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலானோரில் கஞ்சா வகைகளைப் பயன்படுத்தியோர் 2.8 விழுக்காடு, மது அருந்தியோர் 14.6 விழுக்காடு. 1,000 மாணவர் கொண்ட கல்லூரியில் அதே விகிதம் என்று வைத்துக்கொள்வோம். பயன்படுத்துவோர் 28 பேர். பத்தில் ஒன்பது பேரைச் சரியாகப் பிடித்து, பயன்படுத்தாதவர்களில் நூற்றுக்கு ஐவரைத் தவறாகக் காட்டும் கருவி ஒன்றைக் கொண்டு சோதித்தால், 25 பேர் சரியாகவும் 49 பேர் தவறாகவும் சிக்குவார்கள். இரண்டாம் கட்ட ஆய்வகப் பரிசோதனை இல்லையெனில், பெற்றோருக்குக் கடிதம் போகும் மூவரில் இருவர் குற்றமற்றவர். (மதுவை இப்பரிசோதனை பெரும்பாலும் தேடுவதே இல்லை. அதை விற்பது அரசு.)

இந்தியாவில் முறையாக வடிவமைக்கப்பட்ட பரிசோதனைத் திட்டம் இல்லாமல் இல்லை. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகள் 2022 ஜனவரி 31 முதல் விமானிகளையும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களையும் குலுக்கல் முறையில் சோதிக்கச் சொல்கின்றன. ஆண்டுக்குக் குறைந்தது 10 விழுக்காட்டினர் சோதிக்கப்படவேண்டும். முதற்கட்ட முடிவு மட்டும் போதாது. ஆய்வகம் உறுதிசெய்ய வேண்டும். முதன்முறை உறுதியானால் மறுவாழ்வுச் சிகிச்சை. மறுபடியும் சிக்கினால்தான் உரிமத்தின் மீது கைவைப்பார்கள். நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து பறப்பவருக்கு முதலில் மருத்துவர். நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு முதலில் யார்?

சட்டத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி உட்கொள்வதே குற்றம். ஹெராயின், கொகெயின் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஏனையவற்றுக்கு ஆறு மாதம் வரை அல்லது 10,000 ரூபாய் வரை. ஆகவே கல்லூரி அலுவலகத்தில் கிடக்கும் முடிவுத்தாள், எவர் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து மருத்துவக் குறிப்பாகவும் இருக்கலாம், வழக்கின் முதல் ஆவணமாகவும் ஆகலாம். உடல் மாதிரியைத் தருவது தனக்கெதிரான சாட்சியம் ஆகாது என்று காதி காலு ஓகட் வழக்கில் 1961இலேயே உச்ச நீதிமன்றம் சொன்ன வழியில் பார்த்தால், அரசமைப்புச் சட்டத்தின் 20(3) பிரிவு மாணவரைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. மிஞ்சுவது 2017இன் புட்டசாமி தீர்ப்பு: அந்தரங்கத்தில் அரசு தலையிட வேண்டுமெனில் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தலையீடு அந்நோக்கத்திற்கு மிகாமல் இருக்கவேண்டும். ஒரு முதல்வரின் சுற்றறிக்கை அந்தச் சட்டம் ஆகாது. தனியார் கல்லூரி தன்னை அரசு அல்ல என்று சொல்லித் தப்பப் பார்க்கும். அந்த வாதத்திற்கும் நாம் தயாராக இருக்கவேண்டும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளி மாணவர்களைச் சோதிப்பதை 1995இலும் 2002இலும் அனுமதித்தது. இங்கே அதை மேற்கோள் காட்டுவோர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அவ்விரு திட்டங்களிலும் முடிவுகள் காவல்துறைக்குத் தரப்படவில்லை. தந்த இடத்தில் என்ன ஆனது என்பதற்குச் சார்ல்ஸ்டன் நகரப் பொது மருத்துவமனை சான்று. கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து, அதைக் காவல்துறையின் கைக்குக் கொண்டுசென்றார்கள். கைதான 30 பெண்களில் 29 பேர் கறுப்பினத்தவர். இசைவின்றி அவ்வாறு செய்தது அரசமைப்புக்கு முரணானது என 2001இல் தீர்ப்பு வந்தது. சாதியின் பெயரோ நிறத்தின் பெயரோ அந்தத் திட்டத்தின் விதிகளில் எழுதப்பட்டிருக்கவில்லை.

கல்லூரிகளுக்குப் பரிசோதனைத் திட்டமே தேவையில்லை என்பதே நம் நிலைப்பாடு. ஆலோசகரும், நம்பி நுழையக்கூடிய மருத்துவமனையும் இல்லாத இடத்தில் பரிசோதனை வெறும் பொறி. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் சிகிச்சையை முடிப்பவருக்கு 27ஆம் பிரிவு வழக்கிலிருந்தும் சிறிய அளவு தொடர்பான வழக்குகளிலிருந்தும் விலக்கு அளிக்கிறது. உறுதிமொழி எடுத்த எத்தனை மாணவர்களுக்கு இதைச் சொல்லியிருப்பார்கள்?

திட்டம் வந்தே தீரும் என்றால், குடம் கல்லூரி முழுவதற்கும் ஒன்றாக இருக்கவேண்டும். விடுதிதோறும் தனித்தனியாக அன்று. நிர்வாகிகளும் பேராசிரியர்களும் அதில் அடங்கவேண்டும். 2018இல் பஞ்சாப் அரசு ஊழியர்கள் அனைவருக்கும் பரிசோதனை என்று அறிவித்தபோது, முதலில் அமைச்சர்கள் செய்துகொள்ளட்டும் என்றுதான் எதிர்க்குரல் எழுந்தது. மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றை மறுபரிசோதனைக்கு வைக்கவேண்டும். முடிவு மருத்துவருக்கும் மாணவருக்கும் மட்டுமே. அதைக் கொண்டு இடைநீக்கமோ உதவித்தொகை நிறுத்தமோ கூடாது.

சேர்க்கையின்போது நீட்டப்படும் தாள்களில் ‘எந்தப் பரிசோதனைக்கும் சம்மதிக்கிறேன்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முதலாண்டு மாணவர்களில் பலருக்குப் பதினெட்டு நிரம்பியிருக்காது; தறிக்கூடத்தில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து கையெழுத்திடுபவர் தந்தையோ தாயோதான். அவர்களுக்கு அந்த வரியைப் படித்துச் சொல்லும் வேலையை மாணவர் அமைப்புகள் இந்தச் சேர்க்கைக் காலத்திலேயே தொடங்கலாம்.