குடற்சுவரின் பொறுமை

சென்ற வாரம் மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், பேரனுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு என்று சொல்லி, டாக்டர் சீட்டு ஏதுமின்றியே நாலு ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும், "எதிர்ப்பு சக்தி ஏறணும்ப்பா, அதுக்கு ஒண்ணு குடு" என்று கேட்டு ஒரு டப்பாப் பொடியையும் வாங்கிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எதிர்ப்பு சக்தி என்பது கிணற்று நீரைப்போல ஊற ஊற நல்லதென்று விளம்பரக்காரர்கள் அல்லும் பகலும் செய்துவரும் உபதேசத்தை நம்பிய லட்சோபலட்சம் பேரில் அவரும் ஒருவர். ஆனால் குடலைப் பொறுத்தமட்டில் அந்த உபதேசம் அடியோடு பிசகு என்பது என் அபிப்பிராயம்.

1882ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் மெஸினா நகரில், மெச்னிகாவ் என்ற ருஷ்ய விஞ்ஞானி கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோஜா முள் ஒன்றைச் செருகி வைத்து, மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகரும் உயிரணுக்கள் திரண்டுவந்து அம்முள்ளைச் சூழ்ந்திருக்கக் கண்டார். எதிர்ப்பு சக்தி என்பது அந்நியனைக் கண்டால் விழுங்கும் அணுக்களின் வேலை என்ற தத்துவம் அன்று பிறந்தது. 1908இல் நோபல் பரிசும் வந்தது. அதே மனிதர் பிற்காலத்தில் பெருங்குடலை அழுகலின் இருப்பிடமென்று வெறுத்து, நாள்தோறும் புளித்த பாலை அருந்தி வந்தார் என்பது ஒரு வேடிக்கை.

அவர் வெறுத்த இடத்தில்தான் இவ்வணுக்களின் விவேகம் முழுமையாகத் தெரிகிறது. நம் சரீரத்தில் குடியிருக்கும் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாசம் செய்கின்றன. அவற்றுக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே இருப்பதோ, கோழைப் படலம் ஒன்றும், மூன்று முதல் ஐந்து நாளுக்கொரு முறை உதிர்ந்து புதிதாகும் ஒற்றை வரிசை அணுக்களுமே. மெஸினாவின் முள்ளைச் சூழ்ந்ததுபோல் இங்கேயும் ஒவ்வொரு கிருமியின்மீதும் படை திரண்டு பாய்ந்தால், குடல் ஒரு வாரமும் தாங்காது. ஆகவே குடற்சுவரில் வசிக்கும் விழுங்கணுக்கள், உள்ளே நழுவிய பாக்டீரியாவைச் சந்தடியின்றி விழுங்கிவிட்டு, ஊரைக் கூட்டாமல் இருந்துவிடுகின்றன. அங்கேயே உள்ள வேறு சில அணுக்கள் தினந்தோறும் கிராம் கணக்கில் சுரக்கும் ஐஜிஏ என்னும் புரதம், கிருமிகளைப் பற்றிக்கொண்டு, அழற்சிக்கு இடந்தராமல் அவற்றைச் சுவரை அணுகவிடாது வெளியே அனுப்பிவிடுகிறது. தாயின் சீம்பாலில் இப்புரதமே மிகுந்திருக்கிறது. அதைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிடும் வழக்கம் சில வீடுகளில் வெகுகாலம் இருந்ததை நினைக்க மனம் வருந்துகிறது.

இந்தப் பொறுமை தானாக வருவதன்று. பிற அணுக்களின் ஆவேசத்தை அடக்குவதையே உத்தியோகமாகக் கொண்ட ஒருவகை டி அணுக்கள் உண்டென்று 1995இல் ஜப்பானியரான ஸகாகுச்சி நிரூபித்தார். அவருக்கும், அவ்வணுக்களை ஆளும் மரபணுவைக் கண்டறிந்த அமெரிக்கர்களான புருன்கோ, ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முதலில் தோன்றும் துன்பம், எதற்கும் நிற்காத வயிற்றுப்போக்கு. அக்குழந்தைகளிடம் எதிர்ப்பு சக்தி குறைந்துவிடவில்லை. அதைக் கட்டுப்படுத்த ஆளில்லை. கிரோன் நோய், பெருங்குடற்புண் அழற்சி ஆகிய குடல் அழற்சி நோய்களில் வைத்தியர்கள் கொடுக்கும் மருந்துகளில் முக்கியமானவை இச்சக்தியைத் தணிப்பவையே என்பதைப் பொடி விற்பவர்கள் ஏனோ சொல்வதில்லை.

அடக்கும் அணுக்களைப் பெருக்கும் பொருளும் டப்பாவில் இல்லை. நாம் ஜீரணிக்க இயலாத நாரைக் குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற அமிலம் அவ்வணுக்களைப் பெருக்குவதை 2013இல் எலிகளிடம் கண்டார்கள். கீரைத்தண்டையும் பயறையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, அந்த பாக்டீரியாக்களையே அநாவசியமாக மாத்திரையால் கொன்றுவிட்டு, பிறகு சக்திக்குப் பொடி தேடுவது எந்தக் கணக்கில் சேரும்? குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படாமலே அடங்கக்கூடியது. அதில் அஞ்சவேண்டியது நீர் வறட்சியைத்தான். அன்று அந்தப் பெரியவர் கைவைத்து நின்ற கண்ணாடிப் பலகைக்கு அடியில், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவர் கேட்கவில்லை, கடைக்காரரும் எடுத்துக் கொடுக்கவில்லை.