சுங்கம் தவிர்த்த சோழன்

அரசுரிமை ஐயத்துக்கு இடமாயிருக்கையில் முடிசூடும் மன்னன் முதலில் சேனையையே நம்புவது இயல்பெனினும், அவனது சிங்காசனத்தை ஸ்திரப்படுத்துவது பிரஜைகளின் தோளிலிருந்து அவன் இறக்கிவைக்கும் பாரமே என்பது என் திடமான அபிப்பிராயம். 1070-இல் அதிராசேந்திரன் சில மாதங்களே ஆண்டு மாண்டபின், தந்தை வழியில் வேங்கிச் சாளுக்கியனும், தாய் அம்மங்கை வழியில் கங்கைகொண்ட சோழனின் பேரனுமான முதற் குலோத்துங்கன் சோழ அரியணை ஏறியபோது, மேற்கே ஆறாம் விக்கிரமாதித்தன் பகைத்து நின்றான். ஈழமோ விசயபாகுவின் வசமாயிற்று. அத்தகைய விஷம தசையிலும் வணிகரை வருத்திய சுங்கத்தை நீக்கி, 1077-இல் சீனத்துக்கு 72 பேர் கொண்ட தூதுக்குழுவை அனுப்பி, 1086-இல் நிலத்தை அளப்பித்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவன் ஆண்டான். இங்கிலாந்திலும் 1100-இல், அண்ணன் வேட்டையில் மாண்ட மூன்றாம் நாளே முடிசூடிய முதலாம் ஹென்றி, வின்செஸ்டர் பொக்கிஷத்தைக் கைக்கொண்டதோடு நில்லாமல், அநீதியான வசூல்களை ஒழிப்பதாகச் சாசனமும் அளித்தான். நூல் ஓரிடத்திலும் நிட்டிங் ஓரிடத்திலும் சாயமும் தையலும் வேறிடங்களிலுமாகச் சரக்கு ஓயாது நகரும் திருப்பூரில், ராயபுரத்தில் வாழும் எனக்கு, சரக்கின் பாதையில் குறுக்கிடும் ஒவ்வொரு தடையும் கடைசியில் தொழிலாளியின் கூலியையே குறைக்கும் என்பது பிரத்தியட்சம். ஆகவே பதவி நிலைக்க விரும்பும் எந்த ஆட்சியும் பகைவரை எண்ணுமுன், உழைப்பவர் சுமக்கும் வரிகளை எண்ணிப் பார்த்து, அநாவசியமானவற்றை முதல் ஆண்டிலேயே நீக்கக் கடமைப்பட்டுள்ளது.