பின்னால தொங்குற எஞ்சினும் உள்ளுக்க இருக்கிற எஞ்சினும்

இந்தக் கிழமை எபிசோட்டில் ஒரு மணித்தியாலம் பெரிய ஸ்பீட்போட்டுகளைப் பற்றியே கதைச்சம். கேட்காதவைக்குச் சுருக்கமா: முந்தி 12 மீட்டர் தாண்டின போட் எண்டால் எஞ்சின் உள்ளுக்கதான் இருக்கும். இப்ப பின்பக்கத்தில் வரிசையா மூண்டு, நாலு எஞ்சின் தொங்குது. மெர்க்குரி 2021 பெப்ரவரியில் கொண்டுவந்த வெராடோ 600 குதிரைவலு, 12 சிலிண்டர், 7.6 லீட்டர். ஒண்டின்ர நிறையே அரைத் தொன்னுக்கு மேல. பிரான்சின்ர ஜனோ கொம்பனி கூட டிபி 43 எண்ட போட்டை இரண்டு விதமாகவும் விக்குது, வெளியில தொங்கவிட்டும், உள்ளுக்க பூட்டியும். எது நல்லம் எண்டு நாங்கள் மூண்டு பேரும் அடிபட்டு, கடைசியில் முடிவில்லாமல் விட்டிட்டம்.

ஒலிப்பதிவு முடிஞ்சு லாச்சப்பலில் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கேக்க, பழக்கமான அண்ணை ஒராள் வந்தார். ஊர்ச் சங்கத்தில் காசு சேர்க்கினமாம். ஊரில் கடற்தொழில் செய்யிற ஆக்களுக்குப் பெரிய போட் ஒண்டு, உள்ளிணைப்பு டீசல் எஞ்சினோட, வாங்கிக் குடுக்கப் போகினமாம். "தம்பி, நீங்கள்தானே எஞ்சின் கதைக்கிற ஆக்கள். எது நல்லமெண்டு சொல்லுங்கோவன்." அங்க நிண்டு சொன்ன பதில் அரைகுறை. மிச்சத்தை இதில எழுதுறன்.

முதல்ல, எபிசோட்டில் நாங்கள் விட்ட பிழை. வேகம், சத்தம், இடவசதி எண்டு அளந்துகொண்டு இருந்தம். ஆனால் போட்டுக்கு எஞ்சினைத் தெரிவு செய்யிறது பெரும்பாலும் கரைதான். உள்ளிணைப்பு எஞ்சின் எண்டால் தண்டும் காத்தாடியும் எப்பவும் தண்ணிக்குக் கீழ நிக்கும். அதுக்கு ஆழமான துறைமுகம் வேணும், கட்டிவைக்க இறங்குதுறை வேணும், பழுது பார்க்க போட்டை மேல தூக்க ஒரு வழி வேணும். வெளியிணைப்பு எஞ்சினைச் சும்மா மடிச்சுத் தூக்கிவிட்டுட்டு மணலில் ஏத்தலாம். பழுதெண்டால் இரண்டு பேர் கழட்டித் தோளில் வைச்சு வாடிக்குக் கொண்டுபோவினம். யாழ்ப்பாணம், மன்னார் கரையில் நிக்கிற 18 அடி பைபர் போட்டுகளில் பூட்டியிருக்கிறது இந்தச் சின்ன வகைதான்.

பெயர் ஒண்டு எண்டாலும், அந்த எஞ்சினும் மெர்க்குரியின்ர 600-உம் ஒரே சாதி இல்லை. 600-ஐத் திறக்க லாப்டொப் வேணும், கிரேன் வேணும். மற்றது கார்புரேட்டர் வைச்ச டூ-ஸ்ட்ரோக். புகை காரணமா ஐரோப்பாவில் அப்பிடி ஒண்டைப் புதுசா விக்க ஏலாது. அங்க அதைத்தான் ஸ்பானர் ஒண்டோட மணலில் இருந்து பிரிச்சுப் பூட்டுவினம். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடும் (ஆக்சிலிட்டரோட வாழுற எங்களுக்கு மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடும் எண்டதே பகிடி மாதிரித்தான் கேட்கும்). அதால 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறேக்க, முதல்ல கரையில் நிண்டது இந்தப் போட்டுகள்தான்.

அப்ப டீசல் உள்ளிணைப்புக்கு மாறினால் என்ன எண்டு கேட்பியள். அந்தச் சங்க அண்ணையும் அதைத்தான் கேட்டார்.

எஞ்சின் எப்பிடியோ வலையும் அப்பிடித்தான். வெளியிணைப்பு எஞ்சினுக்குச் சின்னக் காத்தாடி, கூடின சுற்று. ஓட நல்லம், பாரம் இழுக்க மோசம். உள்ளிணைப்பு டீசலுக்குப் பெரிய காத்தாடி, மெதுவான சுற்று, பெரிய இழுவை. கடலடியை வழிச்சு வாற இழுவைமடிக்கு இந்த இரண்டாவதுதான் வேணும். பாக்கு நீரிணை எவ்வளவு ஆழமற்ற கடல் எண்டு வரைபடத்தில் பாருங்கோ, கன இடத்தில் 15 மீட்டரும் இல்லை. தமிழ்நாட்டுக் கரையில் இருந்து இழுவைப் படகு கிழமைக்கு மூண்டு நாள் இறங்குது. 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக் கோட்டைத் தாண்டி இரவில் வந்து வழிச்சுக்கொண்டு போகேக்க, பைபர் போட்காரன் விரிச்சுவிட்ட வலையும் சேர்ந்து அறுபடுது. ஒரு இரவில் போற வலைக்கு வருசக்கணக்காக் கடன் கட்டுற ஆக்கள் இருக்கினம்.

காரைக்கால், ராமேஸ்வரம் பக்கத்து ஆக்களும் இதை வாசிக்கிறியள், கோவிக்கவேண்டாம். படகில் நிக்கிறவன் பங்குக் கூலிக்கு வாறவன், படகு அவன்ர இல்லை. இலங்கையும் 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. அந்தச் சட்டம் எங்கட பக்கத்து இழுவைப் படகுகளுக்கும் சேர்த்துத்தான். அதே வருசம் இந்தியா, 2,000 இழுவைப் படகை ஆழ்கடல் தூண்டில் படகா மாத்துற திட்டம் ஒண்டைத் தொடங்கிச்சு. மாறினது கொஞ்சம்தான். சின்ன கடலில் ஒரு இரவில் காசு பாத்துப் பழகினவனை நடுக்கடலில் கிழமைக்கணக்கா நிக்கச் சொன்னால் லேசில வரமாட்டான்.

அதால என்ர அபிப்பிராயம், கொஞ்சம் கசப்பா இருந்தாலும்: காசு சேர்த்துப் பெரிய உள்ளிணைப்புப் போட் வாங்கி அனுப்பவேண்டாம். ஒரு பலநாள் கலத்துக்கு ஐஸ் வேணும், ஆழத்துறை வேணும், கடலில் பத்துப் பதினைஞ்சு நாள் நிக்கிற ஆக்கள் வேணும். மயிலிட்டி ஒரு காலம் அப்பிடி இருந்த துறைமுகம். 1990-இல் சனம் வெளியேறி, உயர் பாதுகாப்பு வலயமாகி, 2017-இல்தான் திரும்பக் கிடைச்சது. இருபத்தேழு வருசத்தில் அந்தத் தொழிலைப் பழகியிருக்க வேண்டிய ஒரு தலைமுறையே பழகேல்லை. துறைமுகமில்லாத ஊருக்குப் போற பெரிய போட் ஒரு வருசத்தில் வெயிலில் காயும். காய்ஞ்சால் அடுத்த முறை சங்கத்துக்கு ஒருத்தரும் காசு தரமாட்டினம்.

ஆழ்கடலுக்குப் போகவே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. கரையோரக் கடலையே நம்பியிருந்தால் இழுவைப் படகோட முட்டுப்பட்டுக்கொண்டே இருக்கவேணும், அதுவும் உண்மை. ஆனால் அந்தப் போட்டைக் கேட்கவேண்டியது அங்க தொழில் செய்யிறவை. லாச்சப்பலில் தேத்தண்ணிக் கடையில் நிக்கிற நாங்கள் இல்லை.

காசு இருந்தால் ஒரு வேர்க்ஷொப் போடுங்கோ எண்டு அண்ணைக்குச் சொன்னன். எஞ்சின் பிரிச்சுப் பூட்டத் தெரிஞ்ச இரண்டு பெடியளுக்குச் சம்பளம், இம்பெல்லர், கியர் ஒயில், காத்தாடிச் சாமான், அறுபட்ட வலைக்கு வட்டியில்லாத கடன். "போட் எண்டால் படம் எடுத்துப் போடலாம் தம்பி, இம்பெல்லரை என்னெண்டு படமெடுக்கிறது?" எண்டு சிரிச்சார். பிறகு, அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, வந்து இதைச் சொல்லும் எண்டார். போறன். ஊரில் தொழில் செய்யிற மாமா, சித்தப்பா ஆருக்காவது இருந்தால், அவையிட்ட என்ன வேணுமெண்டு கேட்டு எங்களுக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்புங்கோ. சனி இரவுக்கு முதல்.